இரண்டு போருக்கு நடுவில் ஒரு கொலை

துப்பறியும் நாவலைக் கையில் எடுக்கிற எவருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. கடைசிப் பக்கத்துக்குள் குற்றவாளி மாட்டிக்கொள்வான். குலைந்துபோன ஒழுங்கு திரும்பிவிடும். ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் நம்முடைய சங்கர்லால் வரை அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியே வந்திருக்கிறார்கள். என் அலமாரியில் தனி வரிசை பிடித்துக்கொண்ட நாவல்களோ அதில் பாதியை மட்டும்தான் காப்பாற்றுகின்றன. குற்றவாளி பிடிபடுவான். ஒழுங்கு திரும்பாது. காரணம், கொலை நடப்பதற்கு முன்பே அந்த ஊரில் ஒழுங்கு இல்லை. 1918-க்கும் 1939-க்கும் இடையில், ஒரு போரின் காயம் ஆறாமல் அடுத்த போர் நெருங்கிக்கொண்டிருந்த நகரங்களில் நடக்கும் கதைகள் இவை. எழுதியவர்களோ நம் காலத்தவர்கள். பெர்லின், கல்கத்தா, பம்பாய், சென்னை என்று ஊர் மாறும், அடித்தளம் மாறாது. ஆட்டம் கண்டுவிட்ட அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, அல்லது அதன் கண்ணில் படாமல், ஒரு ஆள் உண்மையைத் தேடுகிறார்.

இந்த வகையில் பலருக்கும் வாசல் திறந்து வைத்தவர் ஃபிலிப் கெர். ஸ்காட்லாந்துக்காரர், 2018-இல் காலமானார். அவருடைய பெர்னி குந்தர் முதன்முதலில் வரும் 'மார்ச் வயலெட்ஸ்' 1989-இல் வெளியானது. கதை நடப்பது 1936-ஆம் ஆண்டுக் கோடையில், ஒலிம்பிக் போட்டிக்குத் தயாராகும் பெர்லினில். குந்தர் போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவர். காணாமல் போனவர்களைத் தேடித் தருவது பிழைப்பு. ஹிட்லரின் நகரத்தில் தினம் தினம் ஆட்கள் காணாமல் போகிறார்கள்; தேடி வருகிற குடும்பங்களில் யூதக் குடும்பங்கள் அதிகம். ஒரு மனிதரின் தொழிலைச் சொன்னதிலேயே ஒரு ஆட்சியின் குணத்தைச் சொல்லி முடித்துவிட்டார் கெர்.

அந்த நாவலின் தொடக்கத்தை மட்டும் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். தெருமுனைச் சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி. யூத வெறுப்பைக் கக்கும் 'டேர் ஷ்டூர்மர்' பத்திரிகையை வழிப்போக்கர்கள் நின்று படிப்பதற்காக மாட்டி வைத்தது. நாஜிக் கட்சிப் படையாட்கள் இரண்டு பேர் அதைத் திருகாணி கழற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டு விருந்தினர் வரப்போகிறார்கள் அல்லவா? அவர்கள் கண்ணில் அது படக்கூடாது. போட்டி முடிந்ததும் பெட்டி பழைய இடத்துக்கே வந்துவிடும் என்று வாசகருக்குத் தெரியும். கெர் அதற்கு ஒரு வரி விளக்கம் சேர்ப்பதில்லை. சிறிய தடயத்திலிருந்து பெரிய குற்றத்தைப் படிப்பதுதான் துப்பறிவாளரின் வேலை என்றால், அந்த வேலையை முதல் பக்கத்திலேயே வாசகர் கையில் கொடுத்துவிடுகிறார். பிணம் அப்புறம்தான் வருகிறது.

ஜெர்மனியின் ஃபோல்கர் குட்ஷர் போன வழி வேறு. கெரோன் ராத் என்கிற போலீஸ் அதிகாரியை வைத்து அவர் எழுதிய வரிசை 1929-இல் தொடங்கி, நாவலுக்கு ஓர் ஆண்டு என்று நகர்ந்து, 1938-இல் முடிகிறது. 'பாபிலோன் பெர்லின்' என்று தொலைக்காட்சித் தொடராகவும் வந்து உலகம் சுற்றியது. கெரிடம் இருக்கும் நறுக்குப் பேச்சு குட்ஷரிடம் கிடையாது, வேகமும் குறைவு. ஆனால் அலுவலகத்தை எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெர்லின் கொலைப் பிரிவின் நிஜத் தலைவர் எர்ன்ஸ்ட் கெனாட் அவர் நாவல்களில் நடமாடுகிறார். தட்டச்சு இயந்திரம், கேமரா, தடயம் எடுக்கும் கருவிகள் எல்லாம் ஏற்றிய தனி மோட்டார் காரைக் கொலை நடந்த இடத்துக்கே கொண்டுபோகும் ஏற்பாட்டைச் செய்தவர் கெனாட். அறிவியல் முறையில் இவ்வளவு முன்னே போன ஒரு போலீஸ் துறை, 1929 மே மாதத்தில் தடையை மீறி ஊர்வலம் வந்த தொழிலாளர் பேட்டைகளில் சுட்டு முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இரண்டும் ஒரே கட்டடத்திலிருந்து கிளம்பிய வேலை. வரிசையின் முதல் நாவல் அந்த மே மாதத்தில்தான் நடக்கிறது. ஒரு கொலையாளியைப் பிடிக்க இத்தனை கருவி, இத்தனை பொறுமை. முப்பது பேரைக் கொன்றவர்களைக் கேட்க யாரும் இல்லை. இந்த வகை நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சின்னக் குற்றம் துலங்கும்; அதைச் சூழ்ந்திருக்கும் பெரிய குற்றம் தண்டிக்கப்படாமல் தெருவில் நடந்து போகும். இரண்டையும் ஒரே நூலில் கோக்கத் தெரிந்தவரே இதில் தேர்ந்தவர். தெரியாதவர் கையில் வரலாறு வெறும் பின்திரையாகிவிடும்: பழைய கார், பழைய தொப்பி, கிராமபோன் பாட்டு, அவ்வளவுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சாதாரணத் துப்பறியும் கதையில் வாசகரைவிட ஆசிரியருக்கு அதிகம் தெரியும். இங்கே பாத்திரங்களைவிட வாசகருக்கு அதிகம் தெரியும். 1932-இல் ஒரு பெர்லின் குடும்பத் தலைவர், 'இந்த ஹிட்லர் கூத்தெல்லாம் ஆறு மாதம் தாங்காது' என்று சாப்பாட்டு மேசையில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பேச்சுதான். படிக்கிறவருக்குத் தொண்டை அடைக்கும். கொலைகாரன் யார் என்ற மர்மத்தைக் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டே, ஊருக்கு என்ன ஆகப்போகிறது என்பதை முதலிலேயே வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதுவது லேசான காரியம் இல்லை.

இந்திய நகரங்களுக்கு வந்தால் அபிர் முகர்ஜியை முதலில் சொல்ல வேண்டும். 'எ ரைசிங் மேன்' நாவல் 1919 ஏப்ரலில் கல்கத்தாவில் தொடங்குகிறது. போர்முனையிலிருந்து உடைந்துபோய் வந்த சாம் விண்டம், அபினுக்கு அடிமையான போலீஸ் கேப்டன். அவருக்குத் துணை சுரேந்திரநாத் பானர்ஜி. கேம்பிரிட்ஜில் படித்த வங்காளி. வெள்ளை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்; வெள்ளையரை மிரட்டும் துண்டுச்சீட்டு ஒன்று அவர் வாயில் திணிக்கப்பட்டிருக்கிறது. வழக்கு பாதி நடக்கும்போது ஜாலியன்வாலாபாக் செய்தி வந்து சேர்கிறது. பானர்ஜி நல்ல போலீஸ்காரர். நல்ல போலீஸ்காரராக இருக்க இருக்கத் தன் மக்களுக்கு அந்நியராகிறார். வேலையை விட்டால் ஊர் கொண்டாடும். ஆனால் கொலையுண்டவருக்கு யார் நீதி தேடுவது? அடுத்தடுத்த நாவல்களில் முகர்ஜி இந்த முடிச்சை இறுக்கிக்கொண்டே போகிறார்; எளிதில் அவிழ்த்துவிடாததற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு.

சுஜாதா மாசி 1921-ஆம் ஆண்டு பம்பாயில் பர்வீன் மிஸ்திரி என்ற பார்சி வக்கீல் பெண்ணைத் துப்பறிய வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் முதன்முதலாகச் சட்டம் படித்த பெண் கொர்னேலியா சொராப்ஜியின் வாழ்க்கை அதற்குத் தூண்டுதல். மலபார் ஹில் மாளிகையில் கோஷா முறையில் வாழும் மூன்று விதவைகள். அந்த வீட்டின் உட்பகுதிக்குள் ஆண் போலீஸ் நுழைய முடியாது, பர்வீன் நுழையலாம். பூட்டிய அறை மர்மம் என்று மேல்நாட்டார் காலங்காலமாகக் கையாண்ட உத்தி, இங்கே பூட்டே இல்லாமல் சமூக வழக்கத்தால் அமைந்துவிடுகிறது. கதை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மண்ணே புதிரைக் கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

சென்னைக்கும் ஒருவர் கிடைத்தார். ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் பிரையன் ஸ்டொடார்ட் 2014-இல் 'எ மெட்ராஸ் மயாஸ்மா' எழுதினார். 1920-களின் சென்னை, கால்வாயில் ஒரு ஆங்கிலேயப் பெண்ணின் பிணம், விசாரிக்க வருகிறார் லெ ஃபனு. போலீஸ் இலாகாவின் உட்பூசல், எந்த அதிகாரி யாருக்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் ஸ்டொடார்டுக்கு அத்துபடி. சென்னையின் தமிழ்க்குரல்தான் போதாது.

தமிழில் துப்பறியும் எழுத்துக்கு அப்போதே பஞ்சம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-இல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் அதற்கும் மேல். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவித் தழுவி எழுதிக் குவித்தார். கள்ள உயில், ஆள்மாறாட்டம், ஜமீன் சொத்து, கடத்தப்பட்ட பெண் என்று அவர்களுக்கு ஓர் உலகம் இருந்தது. ஒத்துழையாமையும் உப்பு சத்தியாகிரகமும் வெளியே நடந்துகொண்டிருந்தபோது அந்த உலகத்துக்குள் அவற்றின் சத்தம் அதிகம் கேட்கவில்லை. ஆளும் அரசின் கண் பதிப்பகங்கள்மேல் இருந்த காலம். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு எழுத முடியாமல் போனதை எழுதும் சுதந்திரம் நமக்கு இருக்கிறது.

எங்கள் புதுச்சேரிக்கு வருகிறேன். இந்த நாவல் வகைக்கென்றே அமைந்த ஊர் இந்தியாவில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பீடிகை முதல் போருக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1908-இல் பாரதியும், 1910-இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் பிரிட்டிஷ் அரசுக்குத் தப்பி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதும் பிரிட்டிஷ் சி.ஐ.டி.க்காரர்கள் பிரெஞ்சு மண்ணில் வந்து குவிந்தார்கள். கைது செய்ய அதிகாரம் இல்லை. தெருவில் நிற்கலாம், பின்தொடரலாம், வேலைக்காரர்களை விலைக்கு வாங்கலாம். ஒருநாள் ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து வேலைக்காரப் பெண் தண்ணீர் சேந்தும்போது வாய் கட்டிய ஒரு ஜாடி மேலே வந்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள். ஒன்றில் காளியின் படம். நண்பர்கள் கூடி யோசித்தார்கள். மறைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று கண்டு, தாங்களே பிரெஞ்சுப் போலீசிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இவர்கள் ராஜத்துரோக வேலை செய்கிறார்கள் என்று போலீசுக்குப் புகார் போயிருந்தது; அதன் பின்னால் இருந்தவர் மயூரேசன் என்ற ஒற்றர். புகாரின்பேரில் சோதனைக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி, அரவிந்தர் வீட்டில் லத்தீன், கிரேக்கப் புத்தகங்களைக் கண்டு வியந்து, மரியாதையோடு திரும்பினார். வழக்கு புகார் கொடுத்தவர் பக்கமே திரும்ப, மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடினார்.

இந்தச் சம்பவத்தைத் துப்பறியும் நாவல் ரசிகராகப் பாருங்கள். தடயம் உண்டு, அது பொய்த் தடயம். அதைக் கண்டெடுப்பவர் வீட்டு வேலை செய்யும் ஏழைப் பெண். அவர் அதைத் தெருவில் நின்ற ஆளிடம் கொடுத்திருந்தால் கதை வேறு. விசாரணையின் போக்கை மாற்றுவது சாட்சியம்கூட இல்லை, மேசைமேல் இருந்த புத்தகங்கள். இவற்றில் எதையும் நாவலாசிரியர் கற்பனை செய்யத் தேவையில்லை. கோக்கத் தெரிந்தால் போதும்.

ஊரின் நிலவமைப்பு இதற்கு மேல். புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. பிரெஞ்சுக் கிராமத்துக்கு அடுத்து பிரிட்டிஷ் கிராமம், அதற்கு அப்பால் மறுபடியும் பிரெஞ்சுக் கிராமம் என்று தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் சிதறிக் கிடந்தது. துரத்தப்படுகிறவன் ஒரு வரப்பைத் தாண்டினால் வேறு தேசம். இன்னும் அரை மணி நடந்தால் பழைய தேசம். நகரத்துக்குள்ளே பெரிய வாய்க்கால்: கிழக்கே வெள்ளையர் குடியிருப்பு, மேற்கே தமிழர் பகுதி. கடலுக்குள் நீண்டிருந்த இரும்புப் பாலம் 1952 புயலில் அழியும்வரை கப்பலுக்குப் போக அதுதான் வழி. ஒருவர் தப்பிக்க மூன்று வழி: ரயில், வரப்பு, கடல்.

மனிதர்களின் அடையாளமும் அப்படித்தான். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி, தன் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் 'ரெனோன்சான்' ஆனார்கள். புதிதாக ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள். அண்ணன் பழைய பெயரில் இந்து வழக்கப்படி, தம்பி பிரெஞ்சுப் பெயரில் பிரெஞ்சுச் சட்டப்படி. தம்பி சைகோனில் அரசாங்க உத்தியோகம் பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பி வருகிறார். சொத்துக்கு வாரிசு யார்? எந்தச் சட்டத்தின்படி? வடுவூராரின் ஆள்மாறாட்டக் கதைகளில் வேஷம் போட்டுச் செய்ததை இங்கே சட்டமே செய்து கொடுத்தது.

1930-களில் அரசியல் கொதித்தது. 1934-இல் காந்தி வந்து போனார். அதே ஆண்டு வ. சுப்பையா 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கினார். பஞ்சாலைகளில் தொழிலாளர் அணி திரண்டார்கள். 1936 ஜூலை 30-இல் சவானா ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தத் தேதியைச் சுற்றி நடந்தவற்றோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். பாரிஸில் லியோன் ப்ளூமின் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வாரம் 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை என்று பிரான்சின் தொழிலாளர்கள் வென்றிருந்தார்கள். அதே பிரான்சின் கொடி பறந்த இங்கே எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் சுடப்பட்டார்கள். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டு இரண்டு வாரம். இங்கே துப்பாக்கி வெடித்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 1, பெர்லினில் ஒலிம்பிக் தொடக்க விழா. பெர்னி குந்தர் சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே கோடை இது. கெரின் நாவலை மறுபடி படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு நாள் இடைவெளி என்னைத் தொந்தரவு செய்கிறது.

பிரபஞ்சன் இந்த ஊரின் வரலாற்றை நாவலாக்கிக் காட்டியவர். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் எழுப்பி, அரசர்களை விட்டுவிட்டுத் துபாஷிகளையும் தாசிகளையும் சிப்பாய்களையும் பேச வைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டுக்கு அவர் செய்ததை 1930-களுக்கு ஒரு துப்பறியும் நாவல் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதில் துப்பறிகிறவர் யாராக இருக்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் வேண்டாம். பிரெஞ்சு முறையில் விசாரணையை நடத்துவது நீதிபதி. போலீஸ் அவர் சொன்னதைச் செய்யும். 1931-இல் புத்தகமாக வரத் தொடங்கிய சிமெனோனின் மெக்ரே கதைகளில், மெக்ரேயோடு அடிக்கடி மல்லுக்கு நிற்கும் கொமெலியோ அப்படிப்பட்ட நீதிபதிதான். ஆகவே ஸ்காட்லாந்து யார்டு மாதிரி ஓர் இன்ஸ்பெக்டரை இங்கே இறக்குமதி செய்தால் ஊர் ஒட்டாது. எனக்குத் தோன்றுகிற ஆள், விசாரணை நீதிபதியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஆனந்தரங்கப் பிள்ளையின் தொழில் பரம்பரை. ஒவ்வொரு சாட்சியின் வாக்குமூலமும் அவர் வாய் வழியாகத்தான் நீதிபதியின் காதுக்குப் போகிறது. ஆலைத் தொழிலாளி சொன்னதற்கும் கோப்பில் ஏறியதற்கும் நடுவில் நிற்கிற ஒரே மனிதர். பொய் சொல்கிறவர் எந்த இடத்தில் திக்கினார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். முத்தியால்பேட்டையில் வீடு, வெள்ளையர் பகுதியில் ரூ துய்மாவுக்கு அருகே வேலை. தினம் வாய்க்காலைக் கடக்க வேண்டும். ஜூலை 30-க்கு முந்தின வாரம் ஆலைக் கணக்கப்பிள்ளை ஒருவர் செத்துக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாவை விசாரிக்கத் தொடங்கும்போது துப்பாக்கிச் சூடு நடக்கிறது. இப்போது அவர் மேசைக்கு வரும் வாக்குமூலங்களில் எவை ஒரு கொலைக்கு, எவை பன்னிரண்டு சாவுக்கு என்று பிரிக்க முடியாது. எதை உள்ளது உள்ளபடி பிரெஞ்சில் சொல்வது, எதை விழுங்குவது என்பது ஒவ்வொரு வரியிலும் அவர் எடுக்க வேண்டிய முடிவு.

எங்கே நிறுத்துவது என்பதும் இந்த வகையில் ஒரு கலை. புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த 1954 நவம்பர் 1 வரை இழுத்து மூவர்ணக் கொடியில் முடித்தால் மர்மம் கலைந்து விழா மலராகிவிடும். குட்ஷர் 1938-இல், போர் வருவதற்கு முன்பே, நிறுத்திக்கொண்டார். பாத்திரங்கள் அறியாததை வாசகர் அறிந்திருக்கும் அந்த வலியைக் கடைசிப் பக்கத்துக்கு அப்பாலும் நீள விட்டார். புதுச்சேரி நாவல் 1937 ஏப்ரலில் முடிய வேண்டும் என்பது என் கட்சி. எட்டு மணி நேர வேலைக்கான ஆணை வந்த மாதம் அது. அந்த ஆணையைத் தமிழாக்கும் வேலை நம் மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கே வரட்டும். கணக்கப்பிள்ளையின் கொலைக் கோப்பும் அதே வாரம் கட்டி வைக்கப்படட்டும். தெருவில் தொழிலாளர்கள் கொண்டாடுவார்கள், அதற்கு முழு உரிமையும் அவர்களுக்கு உண்டு. மூன்றரை ஆண்டில் பிரான்சே ஜெர்மனியிடம் விழுந்து, ஆளுநர் போன்வேன் டி கால் பக்கம் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிவரும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. 1940 செப்டம்பரின் அந்த முடிவு இரண்டாவது நாவலுக்கு.